ஆஸ்துமா மருந்து நுரையீரலுக்குத்தானே? பிறகு ஏன் கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது?

இதே கேள்வியை ஏஎல் படிக்கிற காலத்தில் நானும் கேட்டிருக்கிறேன். கொக்குவிலில் அம்மம்மா சல்பியூட்டமோல் என்ற ஆஸ்துமாக் குளிசை (மாத்திரை) போட்டுவிட்டுத் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கினால், அது சாசரில் கடகடவென்று அடிக்கும். "முட்டு நிண்டிட்டுது, கைதான் நிக்குதில்லை" என்பார். முட்டு, தொய்வு என்று எங்கள் பக்கம் சொல்வது ஆஸ்துமாவைத்தான்.

மருந்துக்கு நுரையீரல் எது, கை எது என்று தெரியாது. அதற்குத் தெரிந்தது வாங்கி மட்டும்: கலத்தில் மருந்து வந்து ஒட்டுகிற இடம் (தமிழ்நாட்டில் ஏற்பி என்பார்கள்). அட்ரினலினுக்கான பீட்டா வாங்கிகள் ஒரே வகை இல்லை என்று 1967இல் பிரித்துக் காட்டினார்கள்: இதயத்தில் பெரும்பாலும் பீட்டா 1, மூச்சுக்குழாய்த் தசையில் பீட்டா 2. அதற்கு முன்பிருந்த ஐசோபிரினலின் என்ற மருந்து இரண்டையும் ஒன்றுபோலத் தூண்டியது. மூச்சு இளகும், இதயமும் சேர்ந்து ஓடும். 1969இல் வந்த சல்பியூட்டமோல் பீட்டா 2ஐத்தான் அதிகம் விரும்பும்.

வேடிக்கை என்னவென்றால், இரண்டு இடத்திலும் கலத்துக்குள் கூடுவது சைக்ளிக் ஏஎம்பி என்ற ஒரே பொருள்தான். மூச்சுக்குழாய்த் தசையை அது தளர்த்தும், இதயத் தசையை விரட்டும்.

சரி, கை? கைத் தசையிலும் இருப்பது அதே பீட்டா 2. ஆகவே நடுக்கம் மருந்து ஆள் மாறிப் போனதால் வருவதில்லை, சரியான ஆளைப் பிடித்ததால்தான் வருகிறது. படபடப்புக்கு இதயத்திலும் கொஞ்சம் பீட்டா 2 இருப்பதும், இரத்தக்குழாய் விரிவதை ஈடுகட்ட இதயம் வேகமெடுப்பதும் காரணம். அளவு கூடினால் பீட்டா 1உம் மாட்டும். பம்பில் (இன்ஹேலரில்) ஒரு தடவை அடித்தால் 100 மைக்ரோகிராம், அதுவும் நேரே மூச்சுக்குழாய்க்கு. குளிசையோ 2 அல்லது 4 மில்லிகிராம், இரத்தத்தோடு உடம்பெல்லாம் சுற்றும். பம்ப் பழக்கம் பிடிக்கும் என்று பயந்து குளிசை கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மறுபக்கமும் வீட்டிலேயே பார்த்தோம். கண் அழுத்தத்துக்கு டிமோலோல் துளி மருந்து எழுதிக்கொடுத்தார்கள். தொய்வு இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. டிமோலோல் பீட்டா 1, 2 இரண்டையும் அடைக்கும். கண்ணில் விட்ட துளி மூக்குக்கு இறங்கி இரத்தத்தில் கலக்கும். அன்றிரவே அம்மம்மாவுக்கு இழுக்கத் தொடங்கியது. பம்ப் அடித்தும் சரியாகக் கேட்கவில்லை. வாங்கியில்தான் வேறொருவர் குந்தியிருக்கிறாரே. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், துளியை மாற்றினார்கள்.

அதற்குப் பிறகு பல் பிடுங்கப் போனாலும், ஏன், மூக்குக்கண்ணாடிக் கடையிலும், அம்மம்மாவின் முதல் வார்த்தை "தம்பி, எனக்கு முட்டு இருக்கு."