விளையாட்டைக் குறைத்தால் எழுத்து வருமா?

கேள்வி: பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்கள் ஊர். மகளுக்கு நாலரை வயது, எல்.கே.ஜி. படிக்கிறாள். தோப்பில் நாள் முழுக்க ஓடுவாள். எழுத உட்கார்ந்தால் இரண்டு வரியிலேயே கை வலிக்கிறது என்கிறாள். தமிழ், மலையாளம், இங்கிலீஷ் மூன்றையும் தினமும் ஒவ்வொரு பக்கம் எழுத வைக்கச் சொல்கிறார் மிஸ். விளையாடும் நேரத்தைக் குறைத்து எழுதப் பழக்கலாமா?

பதில்: குறைக்காதீர்கள் அம்மா. விரல்களால் மட்டும் பென்சிலை நகர்த்தும் பிடி நான்கிலிருந்து ஆறு வயதுக்குள்தான் முதிர்கிறது. அதுவரை குழந்தைகள் கை முழுவதையும் அசைத்துத்தான் எழுதுவார்கள். தோளும் முதுகும் உறுதியாக நிற்காவிட்டால் விரல்கள் பென்சிலை இறுக்கிப் பிடித்துச் சமாளிக்கும், சீக்கிரம் வலிக்கும். எழுதும்போது மேசையில் கவிழ்கிறாளா, கால் தரையில் எட்டாமல் தொங்குகிறதா என்று பாருங்கள். தொங்கினால் காலடியில் ஒரு மணைப்பலகை போடுங்கள்.

தோளுக்கு வலு ஓடுவதால் மட்டும் வராது. கையால் உடலைத் தாங்க வேண்டும். கையும் காலும் ஊன்றி, முட்டி தரையில் படாமல் கரடி நடை நடக்கட்டும்: கூடத்திலிருந்து அடுக்களை வரை, நாலைந்து முறை. அடுத்து வண்டி விளையாட்டு: அவள் கைகளால் நடக்க, நீங்கள் பின்னால் தூக்கிப் பிடியுங்கள். கணுக்காலைப் பிடித்தால் இடுப்பு தொய்ந்துவிடும், தொடையைப் பிடியுங்கள். பத்து அடி போதும்.

விரலுக்குப் பல்லாங்குழியைப் போல ஒன்று இல்லை என்பேன். நாலைந்து புளியங்கொட்டையை உள்ளங்கையில் அடக்கி, ஒவ்வொன்றாகக் கட்டைவிரல் நுனிக்குத் தள்ளிக் குழியில் விடுகிறாளே, பென்சில் கேட்பதும் அதே விரல் வேலைதான். மூன்று வயதுக்குக் கீழ் தம்பி தங்கை இருந்தால் கொட்டைகளை எண்ணி எடுத்து வையுங்கள். வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்வார்கள். சப்பாத்தி மாவு பிசைவதும் ஈரத்துணி பிழிவதும் நல்லவை. சிலேட்டைச் சுவரில் கண் மட்டத்தில் மாட்டி, மூன்று, நாலு சென்டிமீட்டர் துண்டுச் சாக்கட்டி கொடுங்கள். துண்டு சிறியதாக இருப்பதால் விரல் நுனியால்தான் பிடிக்க முடியும்.

மிஸ்ஸிடம் பேசுங்கள். மூன்று பக்கம் இந்த வயதுக்கு அதிகம். பெரும்பாலான குழந்தைகளுக்கு வட்டம் மூன்று வயதிலும், கூட்டல் குறி நாலிலும், சதுரம் நாலரையை ஒட்டியும், முக்கோணம் ஐந்திலும் வரும். சாய்கோடு இன்னும் பிடிபடாத கையை 'கே', 'எக்ஸ்' எழுதச் சொன்னால் அழுகைதான் வரும். விளையாடி வந்தபின் பத்து நிமிடம், ஒரு நாளுக்கு ஒரு மொழி, அதுவும் பெரிய எழுத்தாகப் போதும்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்ன கணக்கு இது: 3, 4 வயதில் நாளுக்கு 180 நிமிடம் உடல் அசைவு, அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் ஓட்டம், 10 முதல் 13 மணி நேரத் தூக்கம். செல்போனும் டிவியும் சேர்ந்து ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. பங்குனி, சித்திரை வெயிலில் காலை பத்துக்கு முன்னும் மாலை நாலுக்குப் பின்னும் விடுங்கள். காற்றடிக்கும்போது தென்னையடியில் வேண்டாம், மட்டை விழும். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் காலில் புண்ணோடு தேங்கிய நீரில் இறங்கினால் எலிக்காய்ச்சல் வரலாம். அந்த நாட்களில் கரடி நடையும் நொண்டியும் வீட்டுக்குள்ளேயே.

சில அறிகுறிகள் இருந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள்: அடிக்கடி விழுதல், தரையிலிருந்து எழும்போது தொடையில் கை ஊன்றி ஏறுதல், ஒரு கையை ஒதுக்குதல், முன்பு செய்ததை இப்போது செய்ய முடியாமை, எழுதாத நேரத்திலும் கைவலி அல்லது மூட்டு வீக்கம். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அரசின் ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் உடல்நலத் திட்டத்தில் வளர்ச்சிப் பரிசோதனை இலவசம். அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டால் வழி சொல்வார்கள்.