வேலியோரத்துக் கத்தரி

அன்பின் அண்ணாவுக்கு,

நாங்கள் திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறோம். கடற்கரைப் பக்கம், மணல் தரை. போன மாரிக்கு முன் டவுனில் ஒரு கடையில் கத்தரி விதைப் பக்கற் ஒன்று வாங்கினேன். எஃப் 1 என்று போட்டிருந்தது, ஹைபிரிட் விதையாம். நன்றாகக் காய்த்தது, எல்லாம் ஒரே அளவு, ஒரே ஊதா. பறித்து முடிந்து கடைசியில் நின்ற பழம் ஒன்றில் விதை எடுத்துப் பங்குனியில் போட்டேன். பன்னிரண்டு கன்று வந்தது. இப்போது பார்த்தால் ஒன்று நீளம், ஒன்று உருண்டை, சிலதில் வெள்ளை வரி, இரண்டில் காம்பெல்லாம் முள்! கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா, இல்லை எங்கள் மண்தான் பிழையா? ஹைபிரிட் விதை மலடு, அதில் விதை எடுக்கவே முடியாது என்று அயலில் சொல்கிறார்கள். வேலியோரம் நிற்கிற ஒரு கன்று மட்டும் இந்த வரண்ட கச்சான் காற்றிலும் வாடாமல் நிற்கிறது. ஆனால் காய் சின்னது. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் புதுப் பக்கற் வாங்கட்டுமா?

— ம., உப்புவெளி

அன்பின் தங்கைக்கு,

பிடுங்க வேண்டாம். முக்கியமாக அந்த வேலியோரத்துக் கன்றில் கை வைக்க வேண்டாம்.

கடைக்காரரில் பிழை இல்லை, மண்ணிலும் இல்லை. விதை மலடு என்றால் உங்கள் வளவில் பன்னிரண்டு கன்று எங்கிருந்து வந்தது? அயலாரைக் கூட்டிவந்து காட்டுங்கள். எஃப் 1 என்பது பல தலைமுறை தனித்தனியாக வளர்த்துச் சுத்தமாக்கிய இரண்டு வழிகளைக் கலந்து எடுத்த முதற்பிள்ளை. பிள்ளைகள் எல்லாம் ஒரே அச்சாக இருப்பார்கள். பேரப்பிள்ளைகளில்தான் அப்பப்பாவின் மூக்கும் அம்மம்மாவின் நிறமும் கலைந்து கலைந்து வரும். உங்கள் பன்னிரண்டும் பேரப்பிள்ளைகள். கிரெகர் மெண்டல் கிட்டத்தட்ட 28,000 பட்டாணிச் செடிகளை வளர்த்துப் பார்த்து 1866இல் எழுதியது இந்தச் சங்கதியைத்தான். பேரப்பிள்ளைகளில் மூன்று ஒரு விதம், ஒன்று மறு விதம் என்ற அவருடைய மூன்றுக்கு ஒன்று கணக்கை உங்கள் பாத்தியில் தேடாதீர்கள். கத்தரிக்காயின் நீளமும் பருமனும் ஒரு மரபணு மட்டும் தீர்மானிக்கிற காரியம் அல்ல. அதோடு பன்னிரண்டு கன்று கணக்குப் பார்க்கக் காணாது.

போட்ட விதை அப்படியே திரும்பி வர வேண்டும் என்றால் எஃப் 1 பக்கற் சரிவராது. விவசாயத் திணைக்களத்தின் 'திண்ணவேலி ஊதா' போன்ற கலப்பில்லாத வகையை வாங்குங்கள். அதில் எடுக்கிற விதை பெரும்பாலும் தாயைப் போலவே வரும். ஹைபிரிட்டில் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. ஒரு போகத்துக்கு நிறையக் காய் வேண்டும் என்பவருக்கு அது நல்ல விதை, அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது 'கடைசியில் நின்ற பழம்' என்ற இடம். நம் வீடுகளில் நடப்பதே இதுதான். முதற்காய் பத்திரகாளி அம்மனுக்கு. அடுத்த நல்ல காய்கள் கறிக்கு. பிறகு அக்கா வீட்டுக்கு, பக்கத்து வீட்டுக்கு. கடைசியில் இலைக்கு அடியில் ஒருவர் கண்ணிலும் படாமல் முற்றிய ஒன்று விதைக்கு. நல்லதை எல்லாம் தின்றுவிட்டு மிஞ்சினதை விதைக்கிறோம், பிறகு 'முந்தி மாதிரிக் காய்ப்பதில்லை' என்று உரத்தையும் அரசாங்கத்தையும் ஏசுகிறோம். 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தபோதும், அடுத்த வருடம் வீட்டுத்தோட்டம் செய்யட்டும் என்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்தபோதும், உரத்தைப் பற்றித்தான் எல்லாரும் பேசினோம். எந்தச் செடியில் விதை எடுப்பது என்று பேசியவர் குறைவு.

போன தடவை கடைசிப் பழத்தில் விதை எடுத்தது உங்களுக்குக் கெடுதல் செய்யவில்லை. எஃப் 1 செடிகள் எல்லாம் ஒன்றுதானே, எந்தப் பழத்தில் எடுத்தாலும் ஒன்றுதான். இந்தத் தடவை அப்படி இல்லை, பன்னிரண்டும் பன்னிரண்டு விதம்.

ஆகவே காயைப் பார்க்காமல் செடியைப் பாருங்கள். எது முதலில் பூத்தது, எதில் பூச்சி குறைவு, எது தண்ணீர் விட மறந்த நாளில் தாங்கியது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். சின்னக் காய் என்று அந்த வேலியோரத்துக் கன்றைக் கழிக்காதீர்கள். கச்சான் அடிக்கிற மூன்று நாலு மாதமும் மணல் தரையில் நிற்கிற குணம் எந்தப் பக்கற்றிலும் எழுதி வராது. ஆனால் அது செடியின் குணமா, நிற்கிற இடத்தின் குணமா என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக் குளிக்கிற தண்ணீர் ஓடுகிறதா? வேலி மரத்தின் நிழல் பின்னேரம் விழுகிறதா? அடுத்த போகத்தில் அதன் பிள்ளைகளை வளவின் நாலு மூலையிலும் நட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கத்தரிப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும் என்றாலும் தேனீயும் வண்டும் கலப்படம் செய்யும். பழைய நுளம்புவலையில் சின்னப் பைகள் தைத்து, விரியாத மொட்டுகளுக்குப் போட்டுக் கட்டுங்கள். பை போட்டபிறகு வண்டு வந்து உலுப்பாது. காலையில் நீங்கள்தான் காம்பை விரலால் மெல்லத் தட்டிவிட வேண்டும். பூவின் நடுத்தண்டு, மகரந்தம் இருக்கிற மஞ்சள் குழாய்களுக்கு வெளியே நீண்டு நிற்கிற பூக்களையே தெரிந்தெடுங்கள், தண்டு குட்டையான பூ அநேகமாக உதிர்ந்துவிடும். பிஞ்சு பிடித்ததும் பையைக் கழற்றிவிட்டு ஒரு நாடா கட்டுங்கள். நாடா எதற்கென்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லியும் வையுங்கள். நான் சொல்லாமல் விட்டதால், 'ஆரோ அடையாளம் வைச்சிருக்கு, நல்ல காயாத்தான் இருக்கும்' என்று மாமி பறித்துப் பால்கறி வைத்துவிட்டார். நானும் சாப்பிட்டேன். நல்ல காய்தான்.

ஊதா போய் மஞ்சளும் மண்ணிறமுமாகப் பழுக்கும்வரை, பூத்து ஏறக்குறைய இரண்டு மாதம், செடியிலேயே விடுங்கள். பிறகு பறித்து, தண்ணீரில் பிசைந்து, மிதக்கிறதை ஊற்றிவிட்டு அடியில் தங்குகிற விதையை நிழலில் காயவிடுங்கள். வெயிலில் கொதிக்கிற சீமெந்துத் தரையில் மட்டும் பரப்ப வேண்டாம். கடற்கரையில் விதைக்கு எதிரி ஈரக்காற்று. ஒரு மாரியில் கடதாசிப் பையில் வைத்திருந்த என் மிளகாய் விதை முழுக்கப் பூஞ்சணம் பிடித்துப் போனது. இப்போது வறுத்து ஆறவிட்ட அரிசியை மூடி இறுக்கமான போத்தலில் அடியில் போட்டு, மேலே விதையைத் துணியில் முடிந்து வைக்கிறேன்.

தன் மகரந்தத்தில் காய்க்கிற ஒவ்வொரு தலைமுறைக்கும் கலப்பு பாதி பாதியாகக் குறையும். ஆறு தலைமுறையில் கிட்டத்தட்ட நிலைத்துவிடும். கிணற்றுத் தண்ணீர் இருந்தால் வருடத்துக்கு இரண்டு எடுக்கலாம், அப்படியென்றால் மூன்று வருடம். அவ்வளவு பொறுமை இல்லை என்றால் பயற்றங்காயில் தொடங்குங்கள். பூ விரியும் முன்பே அநேகமாகக் கருக்கட்டிவிடும், பையும் வேண்டாம் தட்டவும் வேண்டாம். நான் அதைத்தான் முதலில் செய்தேன். நாலாவது தலைமுறையில் மான் வந்தது. கோட்டைக்குள் நிற்கிற புள்ளிமானை வெளியூரார் ஆசையாகப் படம் எடுப்பார்கள். அது ராத்திரி யாருடைய வளவுக்குள் புகுந்தது என்பது நமக்குத்தான் தெரியும். பந்தலோடு போயிற்று. அயலில் கொடுத்து வைத்திருந்த ஒரு பிடி விதையால் தப்பினேன்.

அதனால் நீங்களும் எல்லா விதையையும் ஒரே வீட்டில் வைக்காதீர்கள். வேலியோரத்துக் கன்றில் பழம் எடுத்தால் ஒரு தேக்கரண்டி விதை எனக்கு அனுப்புங்கள். எங்கள் கிணறு கோடையில் கொஞ்சம் உவர்க்கும். அந்தத் தண்ணீரில் அது என்ன செய்கிறது என்று பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது.