சிறு பழ விவசாயிகளுக்குக் குறைந்த விலையில் கைக்கருவி வடிவமைக்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

கேள்வியைப் பார்த்தால் நீங்கள் மெக்கானிக்கல் மூன்றாம் வருடமோ கடைசி வருடமோ படிப்பவர் என்று நினைக்கிறேன். நான் கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணம் பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். வீட்டுக்கும் கொஞ்சம் மாமரம் உண்டு. அதனால் மாங்காய் பறிக்கும் கருவியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கொய்யா, எலுமிச்சைக்கெல்லாம் கணக்கு வேறு.

முதலில் கழியின் நுனியில் எத்தனை கிராம் தொங்குகிறது என்று பாருங்கள். விலையெல்லாம் அப்புறம். 4 மீட்டர் கழியை 45 டிகிரி சாய்த்து, இரண்டு கைக்கும் நடுவே அரை மீட்டர் விட்டுப் பிடியுங்கள். நுனியில் 100 கிராம் கூடினால் கீழ்க்கை ஏறக்குறைய அரைக் கிலோ கூடுதலாக இழுத்துப் பிடிக்க வேண்டும். அதன் மேல் மாங்காயின் எடை. பறிக்கிற ஆள் இதைக் காலையிலிருந்து அண்ணாந்த கழுத்தோடு செய்கிறார்.

சில வருடம் முன்பு ஒரு கல்லூரியிலிருந்து மாணவர்கள் பறிகருவி ஒன்று செய்து எங்கள் பக்கத்துத் தோப்புக்குக் கொண்டுவந்தார்கள். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் அலுமினியக் குழாய், நுனியில் கத்தரி, அதை இழுக்க சைக்கிள் பிரேக் கேபிள். பார்க்க அருமையாக இருந்தது. முதல் மரத்தில் நன்றாகவே பறித்தது. வெயில் ஏறுவதற்குள் மாங்காய்ப் பால் வழிந்து கேபிள் உறைக்குள் போய்ப் பிசின் மாதிரி பிடித்துக்கொண்டது. பறிக்கிற செட்டில் மூத்தவர் ஒருவர் அதை மரத்தடியில் சாத்திவிட்டு, "தம்பி, இத நாள் முழுக்கத் தூக்கினா சாயங்காலம் சோத்துல கை வெக்க முடியாது" என்றார். பிள்ளைகள் குறித்துக்கொண்டார்கள், போட்டோ எடுத்தார்கள், போனார்கள். திரும்பி வரவில்லை. எனக்கு அந்தப் பிள்ளைகள் மேல் கோபமில்லை. அவர்களை அதோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னவர்கள் மேல்தான் கோபம்.

அந்தப் பெரியவர் கேட்டுத்தான் நான் செய்ய ஆரம்பித்தேன். கழி நுனியில் வளையம், காயைப் பிடிக்க அதில் வலை, காம்பை வெட்ட பிளேடு என்ற அமைப்பு என் கண்டுபிடிப்பு என்று சொல்லவில்லை. மகாராஷ்டிராவின் கொங்கணத்தில் தாபோலி விவசாயப் பல்கலைக்கழகத்தின் 'நூதன்' பறிகருவி பல காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. நான் பார்த்ததெல்லாம் எடை. 22 சென்டிமீட்டர் வளையத்தை 6 எம்எம் கம்பியில் வளைத்தால் 150 கிராம் வருகிறது. வேலி போடும் 8-ம் நம்பர் கம்பியில், அதாவது 4 எம்எம்மில், அதே வளையம் 70 கிராம்தான். வலைக்கு கே.ஆர்.பி. அணையில் மீன் பிடிப்பவர்களிடம் கிழிந்த நைலான் வலை வாங்கிக்கொள்கிறேன். இரண்டு காய்க்கு மேல் கொள்ளாதபடி ஆழத்தை வேண்டுமென்றே குறைத்துக் கட்டுகிறேன். பெரிய வலை கொடுத்தால் நாலு காய் சேரும் வரை கீழே இறக்க மாட்டார்கள். தோளும் போகும், காயும் ஒன்றோடொன்று அடிபடும்.

பிளேடு விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். இரும்பு அறுக்கும் மெஷினில் போடும் பவர் ஆக்சா பிளேடு உடைந்த துண்டு எல்லாப் பட்டறையிலும் கிடக்கும். அதில் 'வி' வடிவ வெட்டு எடுத்து, வளையத்துக்கு ஓர் அங்குலம் மேலே வருகிற மாதிரி போல்ட் வைக்கிறேன். அந்த ஓர் அங்குலம்தான் முக்கியம். காம்பு காயோடு ஒட்டி முறிந்தால் பால் பீய்ச்சி அடிக்கும். அதில் இருக்கும் எண்ணெய்ச் சத்து பட்ட இடத்தில் தோலைச் சுட்டு, ஓரிரு நாளில் கறுப்புக் கோடாகத் தெரியும். காம்பு கொஞ்சம் நீளமாக நின்றால் காயில் பால் படாது. அப்புறம் நிழலில் உட்கார்ந்து காம்பைக் கிள்ளி, காயைக் கவிழ்த்து வைத்துப் பாலை வடித்துவிடலாம். பிளேடு மழுங்கினால் கழற்ற 10-ம் நம்பர் ஸ்பேனர் போதும், எல்லா பைக்கிலும் இருக்கும். ஊரில் கிடைக்காத எந்த உதிரிப் பாகத்தையும் உள்ளே நுழைக்காதீர்கள்.

கழிக்கு மூங்கில்தான். அலுமினியம் இலேசு என்று சொல்வீர்கள், உண்மைதான். ஆனால் எங்கள் பக்கம் எத்தனை தோப்புக்கு மேலே கரண்டு கம்பி போகிறது என்று வந்து பாருங்கள். மூங்கிலும் நனைந்தால் ஆபத்து, அதனால் மழை விட்டதும் கம்பிக்குக் கீழே இருக்கும் மரத்தைத் தொட விடுவதில்லை.

ட்ரோன் காலத்தில் தொரட்டியைப் பற்றி இவ்வளவு பேச்சா என்று இங்கே யாராவது எழுதுவார்கள். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டில் நூற்றுக்கு 86 விவசாயிகள் இரண்டு ஹெக்டேருக்குள் நிலம் வைத்திருப்பவர்கள். அவர்கள் மரத்துக்குக் கீழே நின்று பேசுங்கள். நான் மெஷினுக்கு எதிரி இல்லை, பட்டறைக்காரன் எப்படி எதிரியாக இருப்பேன்?

அடுத்து, யார் காசு கொடுத்து வாங்குவார் என்பது. இங்கே பல தோப்புகளைப் பூ விடும்போதே வியாபாரிகள் குத்தகை பேசிவிடுவார்கள். பறிப்பது அவர்களுடைய ஆட்கள். மரத்துக்காரருக்குக் கருவி வாங்க அவசியமே இல்லை. அதோடு பெங்களூரா காய் பெரும்பாலும் கூழ் ஃபேக்டரிக்குப் போகிறது. அங்கே தோலில் பால் கறை இருந்தால் யாரும் விலையைக் குறைப்பதில்லை, அதனால் நல்ல கருவிக்கு அங்கே மதிப்பும் இல்லை. அல்போன்சா, செந்தூரா, மல்கோவா வைத்து, தானே பறித்து, தானே விற்கிறவர்தான் உங்கள் ஆள். கழி இல்லாமல் 250 ரூபாய்க்கு நான் கொடுப்பதை வாங்குகிறவர்கள் எல்லாம் அந்த மாதிரி ஆட்கள்தான். விவசாயக் கைக்கருவிக்கு ஜிஎஸ்டி கிடையாது, கடையில் வரி போட்டு விற்றால் கேள்வி கேளுங்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். கறையே இல்லாத காயைக் கொண்டுபோனாலும் மண்டியில் எடைக்குக் கழிவு பிடிக்கிறார்கள். அழுகல் இருக்கும், ஈரம் இருக்கும் என்று ஏதோ ஒரு காரணம். எங்கள் காயைக் கொட்டிக் காட்டி "அழுகல் எது, எடுத்துக் காட்டுங்கண்ணா" என்று கேட்டேன். "எல்லாருக்கும் இதுதான்" என்றார்கள். ஒரு காய் கூட அடிபடக் கூடாது என்று 80 கிராம் குறைக்க நான் மண்டையை உடைத்துக்கொள்கிறேன், அங்கே ஒரு கோடு போட்டுக் கிலோக்கணக்கில் எடுத்துவிடுகிறார்கள். இதற்கு நீங்களும் நானும் கருவி செய்ய முடியாது. தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று. கல்லூரி புராஜெக்ட் மார்ச், ஏப்ரலில் முடிந்துவிடும். எங்கள் பக்கம் அறுவடை சூடுபிடிப்பது மே, ஜூனில். கருவிக்கு மார்க் போடும்போது மரத்தில் பறிக்கிற பக்குவத்தில் காயே இருக்காது. நீங்கள் மூன்றாம் வருடம் என்றால் இந்த லீவிலேயே தோப்புக்கு வாருங்கள். வரும்போது ஒரு ஸ்பிரிங் தராசு எடுத்து வாருங்கள். ஏற்கெனவே அவர்கள் கையில் இருக்கும் தொரட்டியை முதலில் எடை போடுங்கள், பிறகு படம் வரையலாம்.