ஒரே ஒரு மீனவரின் சங்கம்

கேள்வி: எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்குப் புதுப் பலகை எழுதுகிறோம். ஆங்கிலத்தில் விமின்ஸ் என்று வரும் இடத்தில், சொந்தம் காட்டும் அந்தக் கொம்பு (அப்பொஸ்ட்ரபி) எஸ்சுக்கு முன்னுக்கா, பின்னுக்கா? பழைய பலகையில் ஒரு மாதிரி, றப்பர் சீலில் இன்னொரு மாதிரி.
— வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: சொந்தமா? வன்னியில் அந்தச் சொல்லை எடுக்க முதல் கொஞ்சம் யோசிக்க வேண்டும், சகோதரி. இங்கே பலரின் அலுமாரியில் இருப்பது காணி உறுதி இல்லை; 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த பெர்மிற். கிணறு வெட்டலாம், தென்னை நடலாம், நினைத்தபடி விற்க முடியாது. ஆங்கில இலக்கணத்துக்கு இந்தக் கவலையே கிடையாது. பெர்மிற் காணிக்கும் கொம்பு போடும், லீவுக்கும் போடும். ஒரு நாள் லீவு என்றால் வன் டே’ஸ் லீவ். இரண்டு நாள் என்றால் டூ டேஸ்’ லீவ்.

பலகைக்கு வருவோம். உடையவர் ஒருவரா பலரா என்று பார்த்து அந்தச் சொல்லை முதலில் முழுதாக எழுதுங்கள். அது பன்மை எஸ்சில் முடிந்தால் கொம்பு மட்டும் போதும். மற்றதுக்கெல்லாம் கொம்பும் எஸ்சும். எழுதிய பிறகு கொம்பையும் அதற்குப் பின்னால் உள்ளதையும் பெருவிரலால் மறையுங்கள். மிஞ்சுவது உடையவராக இருக்க வேண்டும். விமின்’ஸ் என்பதில் மிஞ்சுவது விமின், பெண்கள், சரி. கொம்பைப் பின்னுக்குத் தள்ளினால் மிஞ்சுவது விமின்ஸ், அதாவது ‘பெண்கள்கள்’. கொம்பே வேண்டாம் என்று விட்டாலும் அதே பெண்கள்கள்தான். ஃபார்மர்ஸ் என்பதைக் கொம்பில்லாமல் விடலாம், அப்படி ஒரு சொல் இருக்கிறது.

கொம்பைவிட மோசமானது ஓர் எழுத்து. முல்லைத்தீவுக் கரையில் கடற்றொழிலாளர் சங்கம் என்றால் ஃபிஷர்மென்’ஸ். அதில் ஈ இருக்கும் இடத்தில் ஏ விழுந்தால் ஃபிஷர்மன்’ஸ், ஒரே ஒரு மீனவரின் சங்கம். அவரே தலைவர், அவரே செயலாளர், அவரே பொருளாளர். பொதுக்கூட்டத்துக்கு அவரே அறிவித்தல் ஒட்டி, அவரே வந்து குந்தி, கூட்டம் நடத்த ஆள் (கோரம்) காணாது என்று அவரே ஒத்திவைப்பார். அடுத்த கிழமை சென்ற கூட்ட அறிக்கையை வாசித்து, தான் சொன்னதாகத் தானே எழுதியதைத் தானே மறுப்பார். கணக்குப் புத்தகத்தை மட்டும் பொருளாளரிடம் கொடுக்கமாட்டார். அந்த ஆளில் நம்பிக்கை இல்லை.

கமக்காரர் வழுக்கும் இடம் வேறு. நன்னூல் ஆறாம் வேற்றுமைக்கு உடைமையை எண்ணச் சொல்கிறது: எனது கை, என கைகள். ‘எனது கைகள்’ என்று எழுதுவோருடன் இந்தப் பக்கத்துக்கு உள்ள சண்டை பழையது, சமாதானத்துக்கு இடமில்லை. ஆங்கிலமோ உடையவரை எண்ணுகிறது. இரணைமடுக் குளத்துக்குக் கீழே ஒருவருக்குப் பத்து வயல் இருந்தாலும் ஃபார்மர்’ஸ் ஃபீல்ட்ஸ்தான். பத்துப் பேருக்கு ஒரே வாய்க்கால் என்றால் ஃபார்மர்ஸ்’ கனால். புருசனுக்கும் பெண்சாதிக்கும் ஒரே வளவென்றால் இரண்டாவது பெயருக்கு மட்டும் கொம்பு. ஆளுக்கொரு வளவென்றால் இரண்டு பெயருக்கும். வெறும் பன்மைக்குக் கொம்பே இல்லை, ஆகவே ஏ9 வீதிக் கடைகளில் கூல் ட்ரிங்க்’ஸ் குடிக்கும்போது அந்தக் கொம்பைத் துப்பிவிடுங்கள்.

ஜேம்ஸ் போல எஸ்சில் முடியும் ஆட்பெயருக்கு ஜேம்ஸ்’ஸ் என்றும் எழுதலாம், ஜேம்ஸ்’ என்றும் எழுதலாம். ஒரு பத்திரத்துக்குள் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் சரி. செயின்ற் ஜேம்ஸ் என்ற லண்டன் பூங்காவின் பெயரில் அந்தக் கூடுதல் எஸ் உண்டு, அதே பெயருள்ள நியூகாசில் உதைபந்தாட்ட மைதானத்தின் பெயரில் இல்லை. லண்டனில் இருக்கும் பெறாமகனைக் கேளுங்கள்: பிக்கடில்லி ரயில் பாதையில் ஏர்ல்’ஸ் கோர்ட் நிலையத்துக்குக் கொம்பு, அடுத்த நிலையம் பரன்ஸ் கோர்ட்டுக்குக் கொம்பில்லை. ஏர்லும் பரனும் பிரபுப் பட்டங்கள்; பிரபுக்களுக்குள்ளேயே இந்தப் பாகுபாடு!

புதுச் சீலுக்கு மாதிரி கொடுக்கும்போது கொம்பைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் தூசி என்று துடைத்துவிடுவார்கள்.