டிமென்ஷியா (மறதி நோய்): வீட்டில் பார்த்துக்கொள்பவர்கள் கேட்டவை

கேள்வி: அம்மாவுக்கு மூன்று வருடமாக அல்சைமர். இரண்டு நாளில் ஆளே மாறிவிட்டார். பகலெல்லாம் தூக்கம், இரவில் சுவரைப் பார்த்துப் பேச்சு. நோய் முற்றிவிட்டதா?

அல்சைமர் மாதக்கணக்கில் நகரும், இரண்டு நாளில் பாயாது. இது டெலிரியம் எனும் திடீர் மனக்குழப்பமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, மலச்சிக்கல், உடலில் நீர் வற்றுதல், சோடியம் குறைவு எல்லாமே இப்படிக் காட்டும். தலையில் அடிபட்டிருந்தால் சில வாரம் கழித்துக்கூட மூளையைச் சுற்றி ரத்தம் தேங்கலாம். ஆகவே கடைசியாக எப்போது மலம் கழித்தார், சிறுநீர் குறைந்ததா, சமீபத்தில் விழுந்தாரா, புதிதாகச் சேர்த்த மருந்து எது என்று எழுதிக்கொண்டு போங்கள். சளிக்கும் அரிப்புக்கும் கடையில் வாங்கும் குளோர்பெனிரமின், டைஃபென்ஹைட்ரமின் போன்றவையும் குழப்பத்தைக் கூட்டும். அதை மருந்தென்றே பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. இன்னொன்று: கத்துகிறவரை உடனே கூட்டி வருவார்கள், சுருண்டு கிடப்பவரை ‘அசந்து தூங்குகிறார்’ என்று விட்டுவிடுவார்கள். கண்டுபிடிக்காமல் விட்டுப்போவது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைதான்.

கேள்வி: அப்பாவுக்கு லூயி பாடி டிமென்ஷியா (மூளையில் ஒருவகைப் புரதம் படிந்து வரும் மறதி நோய்). அறையில் குழந்தைகள் நிற்பதாகச் சொல்கிறார். மாத்திரை வேண்டுமா?

அவர் பயப்படாவிட்டால் அவசரமில்லை. அறை வெளிச்சத்தையும் அவரது மூக்குக்கண்ணாடியையும் முதலில் சரிபாருங்கள். இல்லாத உருவம் தெரிவதற்கும் கொந்தளிப்புக்கும் தரும் ஹாலோபெரிடால் வகை மருந்துகள் இவர்களுக்குக் கடும் விறைப்பையும் மயக்கத்தையும் தரும், உயிருக்கே ஆபத்தாகலாம். யாரும் தெரியாமல் அதைக் கொடுத்துவிடாதபடி, மருத்துவக் கோப்பின் மேலட்டையில் நோயின் பெயரைப் பெரிதாக எழுதி வையுங்கள்.

கேள்வி: மறதி நோய்க்கான டோனெபெசில் மாத்திரை தொடங்கியதிலிருந்து கெட்ட கனவு. நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்த வேண்டாம். இரவு மாத்திரையைக் காலைக்கு மாற்றினால் பெரும்பாலும் அடங்கும். மருத்துவரிடம் கேட்டு மாற்றுங்கள். 5 மி.கி.யிலிருந்து 10 மி.கி.க்கு 4 முதல் 6 வாரம் கழித்தே உயர்த்துவார்கள். தலைசுற்றி விழுந்தால் நாடித்துடிப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த மருந்து அதைக் குறைக்கும்.

கேள்வி: பகல்நேரப் பராமரிப்பு மையத்தில் சேர்க்கிறோம். என்ன சொல்லி, என்ன கேட்க வேண்டும்?

ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். எப்படிக் கூப்பிட்டால் திரும்புவார், எந்தக் காது கேட்கும், உணவு எந்தப் பதத்தில் வேண்டும், கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் என்ன செய்வார் (வேட்டியை இழுப்பார், எழுந்து உலாவுவார்) ஆகியவை போதும். வாழ்க்கை வரலாறு வேண்டாம், யாரும் படிக்க மாட்டார்கள். மருந்தை யார் கொடுத்துப் பதிவு செய்கிறார், திடீர் மாற்றம் தெரிந்தால் யாருக்குச் சொல்வார்கள் என்று கேளுங்கள். கழிப்பறைக்கு எப்போதெல்லாம் அழைத்துப் போவீர்கள் என்றும் கேளுங்கள். ‘டயபர் போட்டுவிடுவோம்’ என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.