மூக்கருகே பெரிதாகத் தெரியும் சருமத் துளைகள்: என்ன செய்யலாம்?

கேள்வி: எனக்கு 28 வயது; எண்ணெய் வழியும் சருமம். மூக்கிலும் அதை ஒட்டிய கன்னத்திலும் துளைகள் பெரிதாகத் தெரிகின்றன. வாரம் ஒருமுறை ஆவி பிடித்து, ஐஸ் கட்டியால் தேய்க்கிறேன். எலுமிச்சைச் சாறும் தடவுகிறேன். துளைகள் மூடவில்லையே, ஏன்?

பதில்: சருமத் துளை என்பது மயிர்க்காலின் வாய். அதைத் திறந்து மூடுவதற்குத் தசை எதுவும் இல்லாததால், ஆவி அதைத் திறப்பதும் இல்லை, ஐஸ் அதை மூடுவதும் இல்லை. எலுமிச்சைச் சாற்றை மட்டும் இன்றே நிறுத்திவிடுங்கள். அது கடுமையான அமிலம். தடவிக்கொண்டு வெயிலில் போனால் சருமம் வெந்து கொப்புளிக்கவும் கூடும். நம்மைப் போன்ற மாநிறச் சருமத்தில் அந்த எரிச்சல் ஆறிய பிறகும் கருமை பல மாதங்கள் தங்கிவிடும் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

துளையின் அளவு பெரும்பாலும் பரம்பரையாக வருவது. அதை அடியோடு மாற்ற முடியாது. ஆனால் எண்ணெயும் இறந்த செல்களும் சேர்ந்து அடைத்து வாயை விரிப்பதையும், வெயிலால் கொலாஜன் (சருமத்தை உறுதியாக வைத்திருக்கும் புரதம்) சிதைந்து துளையின் விளிம்பு தளர்வதையும் குறைக்க முடியும்; குறைத்தால் துளைகள் கண்ணில் படுவதும் குறையும்.

காலையும் இரவும் மென்மையான ஃபேஸ்வாஷ் போதும். அடைப்புக்கு ஏற்றது 2 சதவீத சாலிசிலிக் ஆசிட். எண்ணெயில் கரையும் தன்மை உடையதால், அது துளைக்குள் இறங்கி வேலை செய்கிறது. வாரத்தில் இரண்டு இரவுகள் தொடங்கி, எரிச்சல் இல்லையென்றால் மூன்றாக்குங்கள். இரண்டு மாதங்களில் போதிய மாற்றம் இல்லாவிட்டால், மருத்துவரைக் கேட்டு 0.1 சதவீத அடாபலீன் (வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த பூச்சு மருந்து) ஜெல்லுக்கு மாறலாம். முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவே போதும். முதல் சில வாரங்கள் தோல் வறண்டு உரியும். அதற்குப் பயந்துதான் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். மேலே மாய்ஸ்சரைசர் தடவிக்கொண்டு 12 வாரங்களாவது பொறுத்திருங்கள். கர்ப்பமாக இருப்பவர்களும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் அடாபலீனைத் தவிர்க்க வேண்டும்.

பகலில் எண்ணெய்ப் பசையற்ற, எஸ்பிஎஃப் (வெயிலைத் தடுக்கும் அளவு) 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன் கட்டாயம். இது இல்லாமல் மற்றவற்றுக்குச் செலவு செய்வது வீண் என்றே சொல்வேன். முகத்தில் தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அது துளைகளை அடைக்கும்.

மூக்கின் மேல் தெரியும் சாம்பல் நிறப் புள்ளிகள் பெரும்பாலும் அழுக்கு அல்ல. துளைகளில் இயல்பாகவே இருக்கும் எண்ணெய் இழைகள். பிதுக்கினாலும் பட்டை ஒட்டி உரித்தாலும் சில வாரங்களில் திரும்ப நிரம்பிவிடும், தோல்தான் புண்ணாகும். மருத்துவரின் சீட்டு இல்லாமல் மருந்துக் கடையில் வாங்கும் 'சிவப்பழகு' கிரீம்களில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும். அது தோலை மெலியச் செய்து பருக்களையும் கிளப்பிவிடும்.

கன்னத்தில் இருப்பவை பழைய பருக்கள் விட்டுச்சென்ற குழிகளாக இருந்தால், அவை துளைகள் அல்ல, தழும்புகள். கிரீம்களால் தீராது, தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். எண்ணெய் வழிவதோடு மாதவிடாய் தள்ளிப்போவதும் தாடையில் முடி வளர்வதும் சேர்ந்திருந்தால், ஹார்மோன் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.