கிளை விடாத செவ்வரத்தைக்குக் கவ்வாத்து

ஹட்டனில் வேலிக்கு வைத்த செவ்வரத்தை ஒரு வருடத்தில் மூன்றடி உயர்ந்தும் கிளையே விடவில்லை, வெட்டினால் செத்துவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். சாகாது, தைரியமாக வெட்டுங்கள். நுனி இருக்கும்வரை கீழே உள்ள மொட்டுகள் உறங்கித்தான் கிடக்கும். தேயிலைக் கன்றின் நுனியை வெட்டிப் பரவ விடுகிறார்களே, அதே கணக்குத்தான்.

உயரத்தில் மூன்றில் ஒரு பங்கை எடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, கொஞ்சம் சாய்வாக வெட்டுங்கள். கத்தி கூராக இருக்கட்டும். நான் ஒருமுறை மொக்கைக் கத்தியால் வெட்டப்போய், தண்டு நசுங்கி கணுவரை கறுத்துவிட்டது. புதுத்தளிர் நாலைந்து இலை விட்டதும் அதன் நுனியையும் கிள்ளிவிடுங்கள். செவ்வரத்தை புதுக்கிளையில்தான் பூக்கும், அதனால் கொஞ்ச நாள் பூ குறையும், அவ்வளவுதான்.

ஜூன், ஜூலை அடைமழையில் மட்டும் கை வைக்காதீர்கள், வெட்டிய இடம் காயாமல் அழுகும். மார்ச் கடைசியில், மாலை மழை தொடங்கும்போது வெட்டுவது உங்கள் பக்கத்துக்குத் தோது.

அப்புறம், பக்கத்தில் நிற்கும் ஹைட்ரேஞ்சியாவையும் சேர்த்து வெட்டலாமா என்றீர்கள். வேண்டாம். அது பெரும்பாலும் போன வருடக் கிளையில்தான் பூக்கும். பூ வாடியதும் அந்தக் கொத்தை மட்டும் எடுத்தால் போதும்.